சக்கரம் இல்லாத பலகை

எங்கள் வீட்டுக் கூடத்தின் கிழக்குச் சுவரில், அப்பா வரைந்த நவநீத கிருஷ்ணன் படத்துக்கு ஓரடி தள்ளி, சென்ற தை மாதத்திலிருந்து, காலூன்றி நின்று ஓட்டும் ஸ்கேட்போர்டு பலகை ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறது. பிரஸ்ஸல்ஸ் நகரில் வேலை பார்க்கும் அண்ணன் மகன், பொங்கலுக்கும் தியாகராஜர் ஆராதனைக்குமாகத் திருவையாற்றுக்கு வந்தபோது கொண்டுவந்த பரிசு அது. நீளம் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர், அகலம் 20 சென்டிமீட்டர். இரு முனைகளும் சற்றே மேல்நோக்கி வளைந்தவை. தடித்த கறுப்புக் கோட்டில் கைகளை உயர்த்தி ஆடும் மனித உருவங்கள் அதில் அச்சிடப்பட்டிருக்கின்றன. கீத் ஹேரிங் என்ற அமெரிக்க ஓவியர் வரைந்தவை. பலகையில் சக்கரம் கிடையாது. சக்கரத்தைத் தாங்கும் உலோக அச்சும் கிடையாது. அச்சைத் திருகிப் பொருத்துவதற்கான துளைகள் மட்டும் முன்னால் நான்கு, பின்னால் நான்கு என்று எட்டு இருக்கின்றன. "இது மாட்டி வைக்கத்தான் அத்தை. இதை வாங்கினா எங்கேயோ இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு பகுதி போகுது" என்று சொல்லிவிட்டு, அவனே ஆணி அடித்து மாட்டினான்.

அந்த "ஒரு பகுதி" என்ற சொல் ஏழு மாதமாக என்னை விடவில்லை. பரிசின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. படம் அழகாகவே இருக்கிறது. ஆயினும் ஓடுவதற்காகச் செய்த ஒரு பொருளைச் சுவரில் நிறுத்திவிட்டு, அது நின்றதனால் வேறெங்கோ ஒரு பிள்ளை ஓடுகிறது என்று நம்பச் சொல்வது சரிதானா என்ற கேள்வி, ஒவ்வொரு நாளும் காலையில் விளக்கேற்றும்போது கூடவே எழுந்தது. ஒருநாள் சரி என்று தோன்றும். மறுநாள் இல்லை என்று தோன்றும். தமிழாசிரியையாக முப்பத்தோராண்டு வேலை பார்த்த பழக்கத்தில், ஒரு கேள்வி நிலைகொள்ளாமல் அலையும்போது எழுதிப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரிவதில்லை.

முதலில் என்னை உறுத்தியது கால்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பா தஞ்சாவூர் ஓவியம் வரைந்தவர். பழைய வழக்கில் அதைப் பலகைப் படம் என்றுதான் சொல்வார்கள். பலாப் பலகையை வாங்கிவந்து மாதக்கணக்கில் நிழலில் உலர்த்துவார். புளியங்கொட்டையை ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசையால் பலகையின்மேல் துணியை ஒட்டுவார். சுக்கான் கல் தூளையும் பசையையும் குழைத்துப் பூச்சுப் பூசி, காய்ந்ததும் தேய்த்து, மறுபடியும் பூசுவார். விரலால் தடவினால் முட்டை ஓடு போல் இருக்கவேண்டும் என்பது அவருடைய கணக்கு. அதற்குப் பிறகுதான் கோடு, கல், மக்கு, தங்க ரேக்கு, வண்ணம் எல்லாம். படம் என்று எதுவும் வரையப்படாத வெற்றுப் பலகை தரையில் கிடந்தால்கூட நாங்கள் அதைத் தாண்டக்கூடாது, சுற்றிக்கொண்டு போகவேண்டும். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஊரில், ஒருவர் வரைந்த உருவத்தை மிதிபலகையில் பதிப்பது என்பதே என் மனத்துக்கு ஒவ்வவில்லை. பெரிய ஓவியர்களின் படத்தை வைத்து நல்ல காரியம் செய்கிறவர்கள் வேறு ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்திருக்கக் கூடாதா என்று அண்ணன் மகனிடமே கேட்டேன். அவன் சிரித்தான், பதில் சொல்லவில்லை.

எதிர்வீட்டுப் பையன் வந்த மாலை

பதில் சொன்னது எதிர்வீட்டுப் பையன். ஆறாம் வகுப்பு படிக்கிறான். செய்யுள் பகுதியை மனப்பாடம் செய்ய மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவான். எங்கள் தெருவுக்குச் சிமெண்டுச் சாலை போட்ட நாளிலிருந்து அவனிடம் ஒரு பேரிங் வண்டி உண்டு. கும்பகோணம் சாலையில் இருக்கும் பட்டறையில் கழித்துப்போட்ட பேரிங்குகளைக் கேட்டு வாங்கி, உடைந்த கட்டில் சட்டத்தில் குறுக்குக் கட்டை அடித்துக் கோத்தது. அது தெருவில் போகும்போது எழும் கரகரப்பு நாலு வீட்டுக்குக் கேட்கும். வயதானவர்கள் திட்டுவார்கள். ஆனால் இந்த ஊரில் எந்தத் தலைமுறைப் பிள்ளைதான் பேரிங் வண்டி ஓட்டவில்லை?

அன்று அவன் கூடத்துக்குள் தண்ணீர் குடிக்க வந்து, சுவரைப் பார்த்துவிட்டு நின்றான். "டீச்சர், இதுல சக்கரம் எங்க?" என்றான். சக்கரம் இல்லை, இது மாட்டி வைப்பதற்கு என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. துளைகளைக் காட்டி, "அப்புறம் ஓட்டை எதுக்கு?" என்றான். எனக்கும் தெரியாததால், "படத்து மேல காலை வைக்கலாமாடா?" என்று பேச்சைத் திருப்பினேன். அவன் என்னை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு வெளியே ஓடிப்போய்த் தன் வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, திண்ணையில் கவிழ்த்து வைத்தான்.

அந்த அடிப்பாகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நடுச் சட்டத்தில், இரண்டு குறுக்குக் கட்டைகளுக்கும் இடையில், நீல எனாமலில் ஒரு குதிரை வரைந்திருந்தான். எங்கள் ஊர் எல்லையில் அய்யனார் கோயிலில் நிற்கும் குதிரைதான். முன்னங்கால்களைத் தூக்கியிருந்தது, ஆணித் தலை ஒன்று அதற்குக் கண்ணாகியிருந்தது. வயிற்றின் குறுக்கே தெருக்கல் உரசிய கீறல்கள் வெள்ளையாக ஓடின. "காலை மேல் பக்கம்தானே டீச்சர் வைப்போம்? படம் கீழ்ப்பக்கம்ல இருக்கு" என்றான். "கீழ இருந்தா யாருக்குடா தெரியும்?" என்று கேட்டேன். "கவிழ்ந்தா தெரியும்" என்றான்.

அவன் போன பிறகு, சுவரிலிருந்த பலகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் சொன்னது அப்படியே சரி. படம் அச்சாகியிருப்பது பலகையின் அடிப்பக்கம்; முனைகள் சுவரை நோக்கித்தான் வளைந்திருக்கின்றன. கால் நிற்பது மறுபக்கம், ஏழடுக்கு மேப்பிள் மரத்துக்கு அந்தப் புறத்தில். ஓட்டுகிறவர் அதன்மேல் உப்புத்தாள் போலச் சொரசொரப்பான கறுப்புத் தாளை ஒட்டிக்கொள்வார். ஸ்கேட்போர்டில் பல பத்தாண்டுகளாகப் படம் இருப்பது அடியில்தான். மிதிபடுவதற்காக அங்கே அதை வைக்கவில்லை. ஓட்டுகிறவர் தாவும்போதும் விழும்போதும் மற்றவர் கண்ணில் படுவதற்காக வைத்தார்கள். இரும்புக் கம்பியிலும் படிக்கட்டு விளிம்பிலும் பலகையைச் சறுக்கவிடும்போது முதலில் தேய்வது அந்தப் படம்தான். ஆறு மாதமாக மரியாதையின் பேரில் நான் வளர்த்து வைத்திருந்த மனக்குறைக்கு அடிப்படையே இல்லை என்று அன்று தெரிந்தது. படத்தை மிதிக்கிறார்கள் என்ற குறை அன்றோடு போயிற்று. சக்கரம் எங்கே என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது.

சுண்ணக்கட்டியும் கோலமாவும்

அதற்குப் பிறகுதான் ஹேரிங்கைப் பற்றித் தேடிப் படித்தேன். 1980 முதல் 1985 வரை நியூயார்க் நகரத்துச் சுரங்க ரயில் நிலையங்களில், விளம்பரம் ஒட்டாமல் காலியாக இருந்த தட்டிகளின் கறுப்புத் தாளில் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் வரைந்துகொண்டே போனவர் அவர். போலீஸ் பலமுறை பிடித்திருக்கிறது. வரைந்ததன்மேல் மறுநாளோ மறுவாரமோ புதிய விளம்பரத்தை ஒட்டிவிடுவார்கள். அவர் அடுத்த தட்டிக்குப் போய்விடுவார். இதைப் படித்தபோது, மார்கழி இருட்டில் எங்கள் தெருப் பெண்கள் குனிந்து போடும் கோலம் நினைவுக்கு வராமல் இருக்குமா? வெள்ளைக் கோடு, கறுப்புத் தரை, எடுத்த கையை நிறுத்தாத வேகம், பொழுது ஏறுவதற்குள் அழிந்துபோகும் என்று தெரிந்தே செய்யும் வேலை. பலாப் பலகையைத் தாண்டக்கூடாது என்ற அதே வீட்டில்தான், அம்மா நாள்தோறும் வாசலில் வரைந்ததை மாடும் சைக்கிளும் மிதித்துக்கொண்டு போயின. இரண்டும் எங்கள் மரபுதான். நான் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்றதை மறந்திருக்கிறேன்.

ஹேரிங் 1986-இல் தன் உருவங்கள் பதித்த சட்டைகளையும் பொத்தான்களையும் விற்க நியூயார்க்கில் ஒரு கடை திறந்தார். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கும் தன் படம் போய்ச் சேரவேண்டும் என்பது அவர் எண்ணம். எய்ட்ஸ் நோய் கண்ட பிறகு, 1989-இல், தன் பெயரில் ஒரு அறக்கட்டளையை ஏற்படுத்தினார். எய்ட்ஸ் தொடர்பான அமைப்புகளுக்கும் பிள்ளைகளுக்கான அமைப்புகளுக்கும் அது உதவ வேண்டும் என்று வகுத்துவிட்டு, 1990 பிப்ரவரியில், தமது 31-ஆம் வயதில் இறந்தார். ஆகவே அவருடைய கோடு பிள்ளைகளுக்காக ஒரு பலகையில் ஏறியதில் பொருத்தம் இருக்கிறது. எல்லாப் பலகைக்கும் அப்படிச் சொல்லிவிட முடியாது. 2019 ஜனவரியில் சோதபீஸ் ஏல நிறுவனம், ஒரு ஆடை நிறுவனம் இருபது ஆண்டுகளில் வெளியிட்ட 248 ஸ்கேட்போர்டு பலகைகளை ஒரே தொகுப்பாக 8 லட்சம் டாலருக்கு விற்றது. அவற்றிலும் புகழ்பெற்ற ஓவியர்களின் படங்கள் உண்டு. சேகரிப்பவருக்கு அது சேகரிப்பு. அதற்கு மேல் அதில் நான் பார்க்க ஒன்றும் இல்லை.

எங்கள் சுவரில் இருப்பது வேறு வகை. அதை வெளியிட்ட தி ஸ்கேட்ரூம் என்ற நிறுவனம் பிரஸ்ஸல்ஸில் தொடங்கப்பட்டது. ஹேரிங், வார்ஹோல், பாஸ்கியா, ஐ வெய்வெய் போன்ற கலைஞர்களின் ஆக்கங்களை உரிமை பெற்றுப் பலகையில் பதித்து விற்கிறது. விற்றுமுதலில் 5 விழுக்காடு அல்லது இலாபத்தில் 25 விழுக்காடு பிள்ளைகளுக்கான ஸ்கேட்போர்டுத் திட்டங்களுக்குப் போகும் என்பது அது அறிவித்த கணக்கு. அந்தப் பணத்தைப் பெற்றவர்களில் முதன்மையானது ஸ்கேட்டிஸ்தான் என்ற அமைப்பு. 2007-இல் ஆலிவர் பெர்கோவிச் என்ற ஆஸ்திரேலியர் மூன்று பலகைகளோடு காபூலுக்குப் போனதில் தொடங்கியது அது. தண்ணீர் வற்றிய ஒரு நீரூற்றுத் தொட்டியில் தெருப் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். 2009-இல் அங்கே பள்ளியே எழுந்தது. பலகை ஓட்டுவதும் பாடம் படிப்பதும் ஒரே கூரையின் கீழ். பிறகு கம்போடியாவின் நோம்பென்னிலும் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கிலும் பள்ளிகள் வந்தன. காபூல் பள்ளியில் தெருவில் பொருள் விற்றுப் பிழைத்த பிள்ளைகள் பலர் படித்தார்கள். 2012 செப்டம்பரில் காபூலில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் அவர்களில் சிலர் உயிரிழந்தார்கள்.

இந்தக் கதையில் என்னால் மறக்க முடியாத செய்தி ஒன்று உண்டு. காபூலில் பெண் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவது வழக்கத்துக்கு மாறானது. ஆனால் ஸ்கேட்போர்டு என்ற பொருளை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. ஆகவே பெண்கள் அதை ஓட்டக்கூடாது என்று யாரும் விதி செய்து வைத்திருக்கவில்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் நூற்றுக்கணக்கான பெண் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். பலகையைப் பிடித்துக்கொண்டு வகுப்பறைக்கும் வந்தார்கள். அவர்களைப் பற்றி எடுத்த குறும்படத்துக்கு 2020-இல் ஆஸ்கார் விருது கிடைத்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் தாலிபான்கள் காபூலைப் பிடித்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளியே இல்லை என்றாயிற்று.

தொண்ணூற்றாறு ஆடுகள்

இவ்வளவும் தெரிந்த பிறகு அண்ணன் மகனுக்குத் தொலைபேசியில் பேசினேன். "நீ வாங்கிக் கொடுத்த பலகையின் பணத்தில் எந்த ஊரில் என்ன நடந்தது?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. "நல்ல காரியத்துக்குத்தானே அத்தை போகும், அதுக்கு மேல எதுக்குக் கேக்கணும்?" என்றான். குறை விற்றவரிடம் இல்லை. அவர்கள் விழுக்காட்டையாவது சொல்லியிருக்கிறார்கள். வாங்கியவனும் கேட்கவில்லை, மாட்டிக்கொண்ட நானும் ஏழு மாதம் கேட்கவில்லை. ஒரு பகுதி போகிறது என்ற சொல்லிலேயே எங்கள் இருவர் மனமும் நிறைந்துவிட்டது. இந்த நிறைவுதான் எனக்குச் சரியென்று படவில்லை. கொடுத்தது எவ்வளவு, அதனால் நாள்தோறும் என்ன நடக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லாத கொடை பாதிக் கொடைதான்.

இதை நானாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. இங்கிருந்து 13 கிலோமீட்டரில் இருக்கும் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்லில் எழுதியிருக்கிறது. சோழர் காலத்தில் ஒரு நந்தாவிளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய வேண்டுமானால் 96 ஆடுகளைக் கொடுப்பார்கள். அவை சாவா மூவாப் பேராடுகள்: இறந்தாலும் மூப்படைந்தாலும் குட்டிகளால் எண்ணிக்கை குறையாமல் மேய்ப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும். கொடுத்தவர் பெயர், பெற்றுக்கொண்ட இடையர் பெயர், ஆட்டின் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் பிறகு, நிசதம் உழக்கு நெய் என்று அளவும் வெட்டியிருக்கும். நாள் ஒன்றுக்கு ஓர் உழக்கு நெய். அந்த ஒரு தொடரில் ஆடு மேயும் புல்லுக்கும் கருவறையில் எரியும் திரிக்கும் நடுவே இருக்கும் வழி முழுவதும் தெரிகிறது. இன்று குழல்விளக்கில் உபயம் என்று போட்டுப் பெயரை எழுதுகிறோம். பெயர் மட்டும் நிற்கிறது. மின்கட்டணத்தை யார் கட்டுகிறார் என்பது அதில் இல்லை.

ஆகவே இப்போது என் கருத்து இதுதான். புகழ்பெற்ற படத்தைப் பலகையில் பதித்து விற்பது நல்ல காரியம். அதில் சக்கரம் இல்லாததும் குறையில்லை. மேயும் ஆடு கருவறைக்குள் வரவேண்டியதில்லை, நெய் வந்தால் போதும். ஆனால் அந்த நெய்யின் அளவு வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பலகை ஒரு பிள்ளைக்கு இத்தனை வாரம் ஓட்டவும் படிக்கவும் ஆகும் செலவு என்று பலகையின் பின்புறத்தில், சுவரை ஒட்டியிருக்கும் அந்தப் பக்கத்தில், எழுதி வைக்கவேண்டும். யாரும் பார்க்காத பக்கம் என்றாலும், கழற்றிப் பார்க்கிறவர் ஒருவராவது இருப்பார். அண்ணன் மகனைக் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன். அவன் விசாரித்துச் சொல்லும்வரை பின்புறத்தில் பென்சிலால் "நிசதம்" என்று மட்டும் எழுதி இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

மத்தியப் பிரதேசத்தில் பன்னா மாவட்டத்து ஜன்வார் என்ற சிற்றூரில், உல்ரிகே ரைன்ஹார்ட் என்ற ஜெர்மானியப் பெண்மணியின் முயற்சியில் 2015-இல் ஸ்கேட்போர்டுத் திடல் ஒன்று அமைந்தது. அதற்கு இரண்டே விதிகள்: பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை இல்லை, பலகை முதலில் பெண் பிள்ளைகளுக்கு. மாமல்லபுரம், கோவளம் பக்கமும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். டெல்டாவில் நானறிந்து அப்படி ஒரு திடல் இல்லை. எங்களிடம் இருப்பதெல்லாம் சிமெண்டுத் தெருவும் பேரிங் வண்டியும்தான். ஓய்வூதியத்திலிருந்து எடுத்து, சென்னையிலிருந்து சக்கரத்தோடு கூடிய சாதாரணப் பலகை ஒன்றை ஆனி மாதத்தில் வரவழைத்தேன். அடிப்பக்கம் படம் ஏதுமில்லாத வெற்று மரம். ஜன்வாரின் இரண்டு விதிகளையும் எதிர்வீட்டுப் பையனிடம் சொன்னேன். இரண்டாவது விதியைக் கேட்டு அவன் முகம் சுருங்கியது. ஆனாலும் பலகையைத் தன் அக்காவிடம் கொடுத்துவிட்டான்.

அவள் ஒன்பதாம் வகுப்பு. வயதுக்கு வந்த நாளிலிருந்து தெருவில் விளையாடக் கூடாது என்று பாட்டி சொல்லிவிட்டாள். இரண்டு வருடமாக வாசற்படியில் உட்கார்ந்து தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தவள். பாட்டி பலகையை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். சக்கரத்தை விரலால் சுண்டினாள். அது சத்தமில்லாமல் வெகுநேரம் சுற்றியது. பந்தாக இருந்தால், பாண்டியாக இருந்தால் பாட்டியிடம் சொல்ல ஒரு வார்த்தை இருந்திருக்கும். "இது என்னத்துக்கு?" என்று மட்டும் கேட்டாள். "கத்துக்கிறதுக்கு அம்மா" என்றேன். பாட்டி பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் காபூலைத்தான் நினைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் முழுவதும் அவள் விழுந்தாள். இரண்டாவது வாரம் எங்கள் வாசலிலிருந்து தேரடிப் பக்கத்துத் திருப்பம்வரை போய்வந்தாள். அடிப்பக்க மரம் வெறுமையாக இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை போலும். வீட்டுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய வண்ணத்தைத் தம்பியிடமிருந்து வாங்கி, நாள்தோறும் வாசலில் போடுவதைப் போலவே, ஐந்து புள்ளியில் ஒரு சிக்குக் கோலம் வரைந்தாள். பலகை நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால் ஓரத்து இழைகளை மடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பத்து நாளில், சாக்கடைத் தளத்தின் விளிம்பில் உரசி, நடுப்புள்ளியும் அதைச் சுற்றிய இழையும் போய்விட்டன. சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை நான் தண்ணீர் தெளிக்கக் கதவைத் திறந்தபோது, எதிர்வீட்டு வாசலில் கோலம் போட்டு முடித்திருந்தது. அவள் படியில் உட்கார்ந்து, பலகையை முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, போன இழையை மறுபடியும் வரைந்துகொண்டிருந்தாள்.